பத்து எண்ணுவதற்குள்

கழுத்தில் இரண்டு எலும்புகளைத் தகடு வைத்து இணைத்த பிறகு, மாமியாரால் யாரையும் சட்டென்று திரும்பிப் பார்த்து முறைக்க முடியாமல் போனது. முறைக்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும். அதற்குள் திட்டு வாங்க வேண்டியவர்கள் நழுவிவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதிதான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஓட்டுநர் பள்ளி நடத்தியவர், "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தியே ‘கிளட்ச் அம்மா’ என்று பெயர் வாங்கியவர், கழுத்து திரும்பாமல் வண்டியை எப்படிப் பின்னால் எடுப்பது?

உரிம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பின்புறம், இடம், வலம் மூன்றும் ஒரே திரையில் தெரிய வேண்டும். அதுவும் சாவியைத் திருப்பிய பத்து நொடிக்குள் தெரிய வேண்டும். அப்படியொரு ஏற்பாட்டோடு வந்து, மூன்று வாரத்துக்குள் ஓட்டிக் காட்டினால் உரிமம் நீடிக்கும். இல்லையென்றால் ரத்து. மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

கேமரா விற்கும் கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இந்தப் பழைய வண்டிக்கா? இதுக்குப் பொருந்துற மாதிரி எதுவும் வர்றதில்லம்மா. வண்டிய மாத்திடுங்க" என்று கையை விரித்தார்.

"வித்துடலாம்மா. இவ்வளவு நாள் ஓட்டினது போதும், ரெஸ்ட் எடு" என்றான் மகன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். மாமியார் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தது. அதற்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை.

மருமகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் அப்படியொன்றும் ஒட்டுறவு கிடையாது. யார் கேட்டாலும், "மகன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று நிமிர்ந்து சொல்வார் மாமியார். மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் மட்டும், "அவ ஏதோ கடை கடையாப் போய் பில் மெஷினத் தட்டிட்டு வர்றா" என்பார். தட்டுவதாமே! எட்டு வருஷமாக நூற்றுச் சொச்சம் கடைகளின் மெஷின்கள் அவள் கைபட்டுத்தான் ஓடுகின்றன. அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். இருந்தாலும், சண்டைக்கு வராத மாமியாரோடு ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

"நானே ஒண்ணு செஞ்சு தர்றேன் அத்தை" என்றாள்.

கையகல கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, கழித்துப் போட்ட பில் மெஷினின் திரை, மூன்று குட்டி கேமராக்கள், இன்ஜின் கிளம்பும்போது மின்சாரம் தடுமாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறு பெட்டி. எல்லாவற்றையும் பிஸ்கெட் டப்பாவுக்குள் அடக்கி, டேஷ்போர்டுக்குக் கீழே திருகி முடித்தபோது முதல் வாரம் போயிருந்தது. இனி அந்த போர்டை இயக்க எந்த சிஸ்டத்தைப் போடுவது என்பதுதான் பாக்கி. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

"அத எங்கிட்ட விடு. இது என் ஏரியா" என்றான் கணவன். அவன் போட்டது ஆபீஸ்களில் ஓடும் பெரிய சிஸ்டம். மாமியார் சாவியைத் திருப்பிவிட்டு வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." தொண்ணூற்று நாலில் படம் வந்தது.

"இதுக்குள்ள நானே இறங்கி, பின்னாடி போய்ப் பார்த்துட்டு, ஒரு காப்பியும் குடிச்சிட்டு வந்துடுவேன்" என்றபடி சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

"அம்மா! அப்படிச் சட்டுனு நிறுத்தக் கூடாது. மொதல்ல மெஷின்கிட்ட சொல்லணும். அது எல்லாத்தையும் எடுத்து வச்சு முடிச்சப்புறம்தான் சாவிய எடுக்கணும்."

"என் வண்டிய நிறுத்த நான் அதுகிட்ட உத்தரவு வாங்கணுமா? இவ்வளவு நாள் யார்கிட்டடா சொல்லிட்டு நிறுத்தினேன்?"

அடுத்து, கைபேசி மாதிரியே இருக்கும் சிஸ்டம் ஒன்று. பாட்டு, வரைபடம், வானிலை எல்லாம் உண்டு. முப்பத்தொன்றில் எழுந்து, கேமராவைக் காட்டுவதற்குப் பதில் ‘அப்டேட் செய்யட்டுமா?’ என்று கேட்டது. மூன்றாவது, லினக்ஸ் வகையில் இலேசான ஒரு சிஸ்டம். பத்தொன்பது! மூவரும் குதிக்காத குறைதான். கொஞ்சம் இழைத்தால் பத்துக்குள் வந்துவிடும் என்று நம்பிக்கை பிறந்தது. ஆனால் மாமியார் சாவியைப் பிடுங்கியது பிடுங்கியதுதான். ஆறாவது தடவை பிடுங்கியபோது திரை கறுத்து, வெள்ளை எழுத்துகளாக ஏதேதோ புலம்பிவிட்டு அடியோடு படுத்துவிட்டது.

"சிஸ்டத்துல கோளாறு இல்ல. அம்மாகிட்டதான் கோளாறு" என்றான் மகன்.

இன்னும் நாலு நாள்தான் இருந்தது. மாமியார் நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் நகர்த்தினார். "விடும்மா. நீயும்தான் எவ்வளவு பாடுபடுவ?" என்று மருமகளிடம் கனிவாகச் சொன்னார். கனிவாகப் பேசுகிறார் என்றால் மனசு விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

மறுநாள் வேலையாக ஒரு பெரிய மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். கல்லாவில் இருந்த பெண், கைபேசிக்கு சார்ஜ் போட இடம் தேடினாள். கண்ணை மூடிக்கொண்டு பில் மெஷினின் பிளக்கை வெடுக்கென்று உருவினாள். சார்ஜரைச் சொருகி, அது வேலை செய்யவில்லை என்றதும் உதட்டைப் பிதுக்கி, மெஷின் பிளக்கையே திரும்பச் சொருகினாள். வரிசையில் நின்றவர் பையைத் திறப்பதற்குள் மெஷின் எழுந்து அடுத்த பில்லுக்குத் தயாராக நின்றது.

மருமகள் ஸ்குரூடிரைவரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அடி மக்கு! எட்டு வருஷமாக உன் கையாலேயே போடுகிற சிஸ்டமடி இது! கடைக்காரர்கள் என்றைக்கு மெஷினிடம் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள்? கணவனின் ஏரியா, கணவனின் ஏரியா என்று ஒதுங்கி நின்றே பத்து நாளைத் தொலைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கல்லாப் பெண் தன்னைத்தான் திட்டப்போகிறாள் என்று பயந்து சார்ஜரைச் சுருட்டி வைத்தாள். "நீ நல்லா இரு தாயே" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள் மருமகள்.

அந்த சிஸ்டத்தில் ஒரு பகட்டும் கிடையாது. எழுந்தால் ஒரே ஒரு வேலையைத்தான் பார்க்கும். மெமரி கார்டிலிருந்து படிக்கும், அதில் ஒரு எழுத்துகூட எழுதாது, எழுத யாரையும் விடாது. வேண்டியதை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடும். பாதியில் மின்சாரம் போனாலும் கெட்டுப்போக அங்கே ஒன்றும் திறந்து கிடக்காது.

பில் போடும் நிரலை எடுத்துவிட்டு மூன்று கேமராக்களை ஓட்டும் நிரலைப் போட்டாள். மாமியார் சுரத்தில்லாமல் சாவியைத் திருப்பி எண்ணினார். பதினாறில் படம் வந்தது. அதற்கு முன்னால், திரை நிறைய ஒரு செய்தி: ‘தாள் தீர்ந்துவிட்டது.’

"வண்டிக்குத் தாள் எதுக்குடி?" என்றார் மாமியார்.

பிரிண்டரைத் தேடும் பகுதியை எடுக்க மறந்திருக்கிறாள்! வராத பிரிண்டருக்காக அது ஒன்பது நொடி வாசலில் காத்து நின்றிருக்கிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. அதை நீக்கிவிட்டுக் கார்டைத் திரும்பப் போட்டாள்.

"அஞ்சு, ஆறு, ஏழு..." மாமியார் எட்டு சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார். பின்பக்கத்துச் சுவர், இடப்பக்கத்து வாளி, வலப்பக்கத்தில் வாய் பிளந்து நிற்கும் மகன், மூன்றும் பளிச்சென்று திரையில் இருந்தன. மாமியார் சாவியைப் பிடுங்கினார், போட்டார், பிடுங்கினார். முப்பது தடவை. முப்பது தடவையும் ஏழு.

"இதுல டெஸ்க்டாப்பே இல்லையே! பாட்டு கூட இல்ல" என்றான் மகன்.

"பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும். பாட்டு அத்தையே பாடிக்குவாங்க."

தேர்வு நாளன்று மைதானத்தில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது மகன் நெளிந்தான். "கோச்சுக்காத. காலையில அழகா ஒரு வரவேற்புப் படம் சேர்க்கலாம்னு பார்த்தேன். என்ன பண்ணினாலும் கார்டு எழுத விடமாட்டேங்குது."

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "விடாது. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் பூட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

அதிகாரி பிஸ்கெட் டப்பாவைக் குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "வீட்ல செஞ்சதா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினார். மருமகள், மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப்பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஏழு நொடியில் படம் வந்தது. வண்டி கூம்புகள் வைத்த வளைவில் வழுக்கினாற்போலப் பின்னால் வந்தது. பாதி வளைவில் அதிகாரி திடீரென்று கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். திரை இருண்டது.

"ஓடிட்டிருக்கும்போதே நின்னுபோச்சுன்னு வச்சுக்குங்க. இப்ப என்ன பண்ணுவீங்க?"

மாமியார் பிரேக்கை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். கிளட்சை மிதித்தார், சாவியைத் திருப்பினார். எண்ணும் குரல் திறந்த ஜன்னல் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. மருமகளின் உதடும் கூடவே எண்ணியது. ஐந்து. ஆறு. ஏழு!

வண்டி நகர்ந்து, கடைசி இரண்டு கூம்புகளுக்கு நடுவே, ஒன்றைக்கூட உரசாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கி நின்றது. கயிற்றோரம் காத்திருந்தவர்களில் யாரோ விசிலடித்தார். அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார்.

"பையன் கம்ப்யூட்டர்ல இருக்கார்னு சொன்னீங்களே, அவர் செஞ்சதாம்மா?"

மாமியார் இறங்கினார். உடம்போடு சேர்த்து முழுசாகத் திரும்பி, கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"பையன் கம்ப்யூட்டர்ல சும்மாதான் சார் இருக்கான். செஞ்சது அதோ, என் மருமக. பில் மெஷின் மெக்கானிக்" என்றார், மைதானம் அதிரும்படி.  மகன்தான் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினான்.

திரும்பும்போது மாமியாரே ஓட்டினார். வீட்டு வாசலில், சின்னச் சந்துக்குள், பின்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்தினார். வழக்கம்போலச் சாவியைப் பிடுங்கியவர், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபின் திரும்பி, இருண்டுபோன திரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"போயிட்டு வர்றேன்" என்றார் அதனிடம்.