ஒழித்து வைத்த வீடு

"நாளைக்குத்தானே சார் வருதோம்னு போன்ல சொன்னீக?"

உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரைச் சட்டியால் அள்ளி வாசலில் ஊற்றிக்கொண்டிருந்த சமுத்திரம், பொன்னுராஜைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"நாளைக்குத்தான் அண்ணாச்சி. இன்னைக்கு எனக்கு லீவு. சும்மா வந்தேன்."

இந்த மழையில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யாரும் சும்மா வரமாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சமுத்திரம் சட்டியைக் கீழே வைத்தார்.

பழைய கட்டடங்களைப் பார்த்து, ஆள் இருக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது பொன்னுராஜின் வேலை. போன வாரம் சமுத்திரம் வீட்டின் பின்சுவர் பக்கத்து வீட்டு முற்றத்தில் சரிந்தது. அந்த வீட்டு சத்யப்பிரியா பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போன செத்த நேரத்தில் விழுந்தது. அவள் மனு கொடுத்ததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மனுவோடு வந்த படத்தைப் பார்த்தபோதே தான் என்ன எழுதப்போகிறோம் என்று பொன்னுராஜுக்குத் தெரிந்துவிட்டது. எழுதிய நிமிஷத்தில் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். இடிக்கிற வண்டி வரும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. முன்பு ஒரு தெருவில், பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்துக்கிடுதேன் என்று ஒரு பெண் பூட்டுக்கு முன்னால் நின்று கெஞ்சினாள். அவன் விடவில்லை. உள்ளே போனவள் தலையில் சுவர் விழுந்தால் எழுதியவன்தான் பதில் சொல்ல வேண்டும். மாத்திரை மண்ணோடு போனது.

முந்தின நாள் சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி பியூலா சத்தமாக வேதப் புத்தகம் வாசித்தாள். சபைப் பெண்கள் சேர்ந்து முழுதும் வாசித்து முடிப்பதாக நேர்ந்துகொண்ட பொருத்தனை. பழைய ஏற்பாட்டின் தீட்டுச் சட்டங்களுக்கு வந்திருந்தார்கள். தோலில் படை, துணியில் பூஞ்சை, உடம்பில் ஊறல். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பக்கங்கள் பிடிக்காது. தள்ளி வை, தள்ளி வை என்று ஆளை விரட்டுகிற சட்டமாகத்தான் காதில் விழும். அன்றைக்கு வந்தது வீட்டுக்குப் பிடிக்கிற தோஷம். சுவரில் பச்சையும் சிவப்புமாகக் கறை குழிந்து இறங்கினால் ஆசாரியன், அந்தக் காலத்துப் பூசாரி, வந்து பார்க்க வேண்டும். ஆனால் பார்க்க வருமுன்னே, பானை சட்டியெல்லாம் வெளியே எடுத்து வீட்டை ஒழித்து வையுங்கள் என்று அவனே சொல்லி அனுப்ப வேண்டும். அவன் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் சேர்ந்து தீட்டாகிவிடும்.

பொன்னுராஜின் கை சோற்றிலேயே நின்றது. "திருப்பி வாசி."

வாசித்தாள்.

"முன்னாலயே வெளிய எடுத்துட்டா தீட்டு இல்லையா?"

"இல்லைன்னுதான் அர்த்தம் வருது. அதே பானைதாங்க. அவரு பாக்கல, அம்புட்டுதான்." அவள் விரலைக் கீழே நகர்த்தினாள். "ஒடனே இடிக்கவும் சொல்லல. அடைச்சுப் போட்டு, மறுபடி வந்து பாத்து, கெட்ட கல்லை மட்டும் பேத்து, வேற கல்லு வச்சுப் பூசி, அதுக்கும் மேல பரவுனாத்தான் இடிக்கச் சொல்லுது. எம்புட்டுப் பொறுமை பாருங்க."

ஒரு ஏழையின் பானைக்காக எந்தக் காலத்திலோ ஒருவர் இத்தனை யோசித்திருக்கிறார் என்பது அவனை என்னவோ செய்தது. கல்லை மாற்றவோ காத்திருக்கவோ அவன் ஆபீஸில் வழியில்லை. மழையும் பொறுக்காது. அவனால் ஆகக்கூடியது, பார்க்கப் போகுமுன் சொல்லிவிடுவது ஒன்றுதான்.

"எல்லாத்தையும் இன்னைக்கே வெளிய எடுத்துருங்க அண்ணாச்சி. நானும் கூடத் தூக்குதேன்."

சமுத்திரம் ஏன் என்று கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த மனைவி மாடத்தியைத் திரும்பிப் பார்த்தார். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தவள், பேச்சும் போனவள். மகன் கௌதம்ராஜ் பட்டாளத்தில். லீவு கேட்டிருக்கேன்ப்பா என்று காலையில்தான் போன் பேசியிருந்தான்.

தகரப்பெட்டி, அரிசி டிரம், மிக்சி, கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு. ஒவ்வொன்றும் வெளியே போகும்போது மாடத்தியின் கண் கூடவே போய்விட்டு அடுத்ததற்காகத் திரும்பி வந்தது. கட்டிலைத் தூக்க இரண்டு பேர் போதவில்லை. தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சத்யப்பிரியா பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் கால்மாட்டைப் பிடித்தாள்.

"எம்புள்ளை அங்கன உக்காந்திருந்தா நான் என்ன செய்வேன் மாமா?" என்றாள், கட்டிலைப் பார்த்தபடி.

சமுத்திரம் குனிந்து தலைமாட்டைத் தூக்கினார்.

"எங்க நடையில போடுங்க. மழை விடுத வரைக்கும் அத்தை அங்க கெடக்கட்டும்."

மத்தியானத்துக்குள் எல்லாம் தெருவில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. ஒரு குடும்பத்தின் சாமான் இவ்வளவுதானா என்று தோன்றியது.

"அம்புட்டும் வந்துட்டு சார்," என்றார் சமுத்திரம். "பொறவு?"

பொன்னுராஜ் தெருமுனைக்குப் போய் பியூலாவைக் கூப்பிட்டான். "அந்த வீட்டுக்காரவுக எங்க போய் இருந்தாகன்னு அதுல போட்டிருக்கா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இல்லைங்க. அதைப் போடல."

மறுநாள் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தான். வெறும் வீட்டில் அவர்களுடைய காலடி பெரிதாகக் கேட்டது. அலமாரி நின்ற இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக இருக்க, அதைச் சுற்றிச் சுவரெல்லாம் பச்சையும் செங்காவியுமாக இறங்கியிருந்தது. கட்டைவிரலை வைத்தான். விரல் உள்ளே போனது. கெட்ட கல்லை மட்டும் பேர்க்க முடியுமா என்று மூலை மூலையாகப் பார்த்தான். நல்ல கல் எது என்று தெரியவில்லை.

"சார், வானம் இருட்டிக்கிட்டு வருது," என்றான் கூட வந்தவன்.

வெளியே வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். தலையைத் தூக்கியபோது சமுத்திரம் திருப்புளியும் சுத்தியலுமாக வாசல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இதுவும் வீட்டுச் சாமான்தானே சார்?"

எழுதிய பிறகு எதையும் எடுக்க விடக் கூடாது. பொன்னுராஜ் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். செண்பகத்தோப்புக்கு மேலே மழை இறங்கியிருந்தது. கீல் கழன்று விழும் சத்தம் கேட்டது.

கனத்த வேப்பமரக் கதவு. சமுத்திரம் அதை நெஞ்சோடு அணைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து, சாய்த்து வைக்க இடம் பார்த்தார். இந்தப் பக்கம் சத்யப்பிரியா வீட்டுப் புதுச் சுவர்; அதில் சாய்க்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர். பின்னால் இருந்த சொந்த வீட்டுச் சுவர் எதையும் தாங்காது. முதல் தூறல் கதவின் மேல் சடசடத்தது. அவர் கால் தள்ளாடியதைப் பார்த்து பொன்னுராஜ் ஓடிப்போய் மறு ஓரத்தைப் பிடித்தான். நடுத்தெருவில் நிமிர்ந்து நின்ற கதவை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தபடி இருவரும் மழையில் நின்றார்கள்.