நாற்பதாவது கயிறு

1955-ஆம் வருஷம் ஆடி மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, போடிநாயக்கனூர் மலையடிவாரப் பள்ளிக்கூடத்தின் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து முந்நூற்று அறுபது ராத்தல் எடை இருந்தார்கள். நிறுத்தது ஏலக்காய் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. அதில் கோளாறு எதுவும் இல்லை. சந்தேகத்துக்கு அதன் சொந்தக்காரர் சிக்கந்தர் ராவுத்தரே ஏறி நின்று பார்த்தார். போன மாதத்தைவிட இரண்டு ராத்தல் கூடியிருந்தது. அந்த வருத்தத்தோடு இறங்கினார். பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்பது ராத்தல் வந்தது. அதுவும் சராசரிதான். மூன்றாம் வகுப்பு முத்துப்பேச்சியை ஏற்றியபோது தட்டு அசையவே இல்லை. குனிந்து பார்த்தார்கள். அவள் தட்டுக்கு அரை அடி மேலே நின்றுகொண்டிருந்தாள்.

ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியாரான ஜக்கையன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. விஷயம் இரண்டு வருஷத்துக்கு முன்பே தொடங்கியது. பழைய கூரைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகப் புதுப் பள்ளிக்கூடம் கட்டிக்கொள்ள 1953 சித்திரையில் உத்தரவு வந்தது. உத்தரவின் அடியில் இரண்டு நிபந்தனை. கட்டி முடியும்வரை பள்ளிக்கூடம் ஒரு வேலைநாள்கூட மூடியிருக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் எப்போது வந்து பேர் கூப்பிட்டாலும் நாற்பது பிள்ளைக்கு ஒன்று குறையக் கூடாது. எது தவறினாலும் கட்டடமும் ரத்து, பள்ளிக்கூடமும் ரத்து. ஜக்கையன் ஊர் ஊராக அலைந்து சேர்த்தது சரியாக நாற்பதுதான். நாற்பத்தொன்றாவது பிள்ளை அந்தச் சரிவில் பிறந்திருக்கவில்லை. காண்ட்ராக்டர் பால்சாமி கொட்டகையின் கடைசி மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டே, "மூணே மாசம், வாத்தியாரே. வெரசா முடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் பிள்ளைகளை எங்கயாச்சும் ஒண்ட வைங்க" என்றான்.

ஒண்ட இடம் கொடுத்தவர் ராவுத்தர். மலையிலிருந்து இறங்கும் பச்சை ஏலக்காயை உலர்த்தி எடுக்கும் ஸ்டோர் அவருடையது. வாடகை வேண்டாம் என்றார். ஆனால் காய் எடுப்புக் காலத்தில் அடுப்பை மட்டும் அணைக்க முடியாது, அணைத்தால் காய் கறுத்துவிடும் என்றார். நியாயம்தான். ஆக, ஒரே அறையில் இரண்டு சோலி நடந்தது. மேலே கம்பி வலைத் தட்டுகளில் காய் காய்ந்தது. கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். வெளியே எரியும் விறகடுப்பின் சூட்டை ஓர் இரும்புக் குழாய் சுவரோரமாக அறை முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்தது. குழாய் வளையும் மூலை முத்துப்பேச்சியின் இடம். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. சுண்ணாம்பு ஏற்றி வந்த கழுதைகள் பாதி வழியில் படுத்துக்கொண்டன, கொத்தனுக்கு மஞ்சள்காமாலை, கல் லோடு ஏதோ ஒரு பங்களாவுக்குப் போய்விட்டது. இரண்டு வருஷம் ஓடியது.

சேற்றில் நடந்துவந்த பிள்ளைகளின் காலடி சேற்றில் பதியவில்லை என்பதை முதலில் பார்த்தவர் ஜக்கையன்தான். பசி என்று நினைத்தார். தன் வீட்டுக் கேப்பையைக் கொண்டுவந்து கூழ் காய்ச்சி ஊற்றினார். பிள்ளைகள் குடித்துவிட்டு முன்னிலும் லேசாக எழுந்து போனார்கள். அடுப்பு பார்க்கும் மலைச்சாமிதான் காரணம் சொன்னவன். ஒரு கை காயை அள்ளிக் காதோரம் குலுக்கி, சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுகிற ஆள் அவன்.

"அஞ்சு ராத்தல் பச்சைக்காய் போட்டா ஒரு ராத்தல் எடுப்பேன், வாத்தியாரே. நிறம் மாறாது, உருவம் குறையாது. பிள்ளைகளும் அப்படித்தான். நல்லாக் காஞ்சிருக்கு."

அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நானும் இதே அறையில்தானே நிற்கிறேன், எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று ஜக்கையன் கேட்டார். மலைச்சாமி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"நீங்க வரும்போதே வத்தல். வத்தலை இன்னும் என்னத்த வத்த வைக்கிறது?"

சிரிக்கத் தெம்பில்லை. பள்ளிக்கூடத்தை மூடினால் எடை திரும்பலாம். ஆனால் மூடிய மறுநாள் உத்தரவு ரத்தாகும். நாற்பது பிள்ளைகளும் காய் பொறுக்க மலையேறுவார்கள். ஒரு பருவம் மலையேறிய பிள்ளை மறுபடி சிலேட்டைத் தொட்டதாக அந்தச் சரிவில் யாருக்கும் ஞாபகமில்லை. திறந்து வைத்தால் இன்னும் காய்வார்கள். ஜக்கையன் ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்கு மணியடித்தார். அதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

பெற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். காய் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால், விடியற்காலை மஞ்சில் கொஞ்சம் பரப்பி வைத்து எடை ஏற்றுவது வழக்கம். அதேபோல் பிள்ளைகளை மஞ்சு இறங்கும் நேரத்தில் பாறைமேல் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒரு வாரத்தில் தலைக்கு இரண்டு ராத்தல் ஏறியது உண்மை. ஆனால் ஈரம் பட்ட காயைப் போலவே பிள்ளைகளும் வெளுத்தார்கள். வெளுத்த காயை எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆத்தாமார்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டுவந்து மறுபடி ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். நிறம் திரும்பியது. எடை போனது போனதுதான். அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் மிதந்தார்கள். ஆடிக் காற்றில் யாரும் பறந்துவிடாதபடி ஆளுக்கொரு தேங்காய்நார்க் கயிறு இடுப்பில் கட்டப்பட்டது. மறுநுனிக்கு வீட்டில் அம்மிக்கல், பள்ளிக்கூடத்தில் ஸ்டோர்க் கதவு. கயிறு கட்டுவது தலை சீவுவதைப் போல ஒரு வேலையாகிவிட்டது.

1957 ஆவணியில் சுவர் நான்கும் எழும்பி நின்றன. கூரை இல்லை. ஓடு வரவில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: இம்மாத முடிவுக்குள் புதுக் கட்டடத்தில் பாடம் நடக்காவிட்டால் உத்தரவு காலாவதி. கூரையில்லாத கட்டடத்தில் மிதக்கிற பிள்ளைகளை எப்படி வைப்பது என்று கேட்டு ஜக்கையன் பதில் எழுத உட்கார்ந்தார். இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போட்டார். திங்கட்கிழமை குடிபோனார்கள். ஜன்னல் கம்பிக்குப் பத்துப் பத்துக் கயிறு. மணி அடித்ததும் நாற்பது பிள்ளைகளும் சுவர் உயரத்தைத் தாண்டி மேலேறி, காற்றடிக்கும் திசைக்குச் சாய்ந்து நின்றார்கள். கரும்பலகை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜக்கையன் தரையிலேயே சுண்ணாம்புக் கட்டியால் ஆள் உயர எழுத்து எழுதினார். மேலிருந்து நாற்பது குரல் அதைப் படித்தது.

முத்துப்பேச்சி அப்போது ஐந்தாம் வகுப்பு. எல்லோரையும்விட எட்டடி உயரத்தில் நிற்பாள். அவள் ஆத்தா ராக்கு குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் காய் எடுக்கிறவள். ஆடியில் மலையேறினால் தை முடிந்துதான் இறங்குவாள். பிள்ளை சின்னம்மா ஆயம்மாள் வீட்டில். நினைவு தெரிந்த நாளாக, வருஷத்தில் பாதி நாள் அவளுக்கு ஆத்தா கிடையாது. புதுக் கட்டடத்துக்கு வந்த மூன்றாம் நாள், கணக்குப் பாடத்தின் நடுவில், அவள் மேலிருந்து சாதாரணமாகச் சொன்னாள்: "சார், எங்க ஆத்தா தெரியுது. செவப்புத் துணி கட்டிக் குனிஞ்சிருக்கு." ஜக்கையன் கணக்கைத் தொடர்ந்தார். அதன்பின் அவளுக்கு எந்தக் கணக்கும் தப்பவில்லை.

ஐப்பசி இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஐந்து வண்டி ஓடு ஒரே நேரத்தில் வந்தது. அன்று பகல் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டரும் வருவதாகத் தகவல். பாடத்தை நிறுத்தக் கூடாது. மழைக்கு முன் கூரையும் முடிய வேண்டும். பால்சாமியின் ஆட்கள் கிழக்கு ஓரத்திலிருந்து ஓடு பாவிக்கொண்டு வந்தார்கள். ஓடு ஒரு கை நகர நகர, ஜக்கையன் ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பிள்ளைகளைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தார். பிள்ளைகள் உத்தரத்தில் முதுகு முட்ட நின்றபடி பாடத்தை விடாமல் சொன்னார்கள். இரண்டே முக்காலுக்கு முப்பத்தொன்பது பிள்ளைகள் உள்ளே. மேற்கு மூலையில் ஓர் ஓட்டு அகலம் மட்டும் திறந்திருந்தது. அதன் வழியே நாற்பதாவது கயிறு வானத்துக்குப் போயிற்று.

இழுத்தார். எடையே இல்லாத பிள்ளை. ஒரு விரலுக்கு வந்துவிடும். வந்தாள். ஓட்டின் விளிம்புவரை முகம் வந்தது. அழவில்லை. கழுத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"உள்ள வந்துரு, ஆத்தா. நாப்பது இல்லைன்னா எல்லாம் போச்சு."

"வந்தா எங்க ஆத்தா தெரியாதுல்ல, சார்."

மேலே பால்சாமி கடைசி ஓட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். "வாத்தியாரே, கனக்குது. வைக்கவா, வேண்டாமா?" என்றான். கீழே வாசலில் ஜீப்பு வந்து நிற்கும் சத்தம். ஜக்கையனுக்கு இழுக்கவும் கை வரவில்லை, விடவும் கை வரவில்லை. நான்கு வருஷத்தில் அவர் எடுத்த முடிவு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. இதையும் முடிவு என்று சொல்ல முடியாது. பிடி தளர்ந்தது. கயிறு கையில் உரசிக்கொண்டு மேலேறியது. அதன் நுனியைக் கடைசி பெஞ்சுப் பலகையின் காலில் முடிந்துவிட்டு நிமிர்ந்தபோது இன்ஸ்பெக்டர் உள்ளே நின்றார்.

அண்ணாந்தபடியே அவர் பேர் கூப்பிட்டார். உத்தரத்திலிருந்து முப்பத்தொன்பது ஆஜர் வந்தது. நாற்பதாவதாக முத்துப்பேச்சி என்று படித்தார். சத்தமில்லை. மறுபடி படித்தார். ஜக்கையன் கண்ணை மூடிக்கொண்டார். பலகைக் காலில் கட்டியிருந்த கயிறு இரண்டு தடவை வெடுக், வெடுக்கென்று அசைந்தது. இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பார்த்தார். அது போகும் ஓட்டையைப் பார்த்தார். ஓட்டையில் தெரிந்த கொஞ்சம் வானத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை உதறி, அந்தப் பேருக்கு நேராகவும் ஒரு கோடு இழுத்தார். கட்டடம் பூர்த்தி, பள்ளிக்கூடம் ஒரு நாளும் மூடப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி ஓட்டை மட்டும் பால்சாமி வைக்கவே இல்லை. பேர் கூப்பிடும் நேரத்தில் கயிறு இரண்டு தடவை அசையும். ஜக்கையன் ஆஜர் போடுவார். மாலையில் ஆயம்மாள் வந்து கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிள்ளையைக் கூட்டிப் போவாள். ஐப்பசி மழை அந்த வழியாக ஒழுகியதால் கடைசிப் பலகைக்கு நேர் மேலே யாரும் நிற்கவில்லை. மழை நாட்களில் கயிறு நனைந்து கனத்திருக்கும். அப்போது ஒரு தடவை அசைந்தாலே போதும் என்று ஜக்கையன் வைத்துக்கொண்டார்.