சில்லு போன நீலக் கோலி

கண்ணாடிக்காரருக்குக் கோலிக் கிறுக்கு பிடித்தது தலை நரைத்த பிறகுதான். சின்ன வயதில் அவர் கோலி ஆடி ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. ஒருநாள் கதவுக்குக் குமிழ் தேடிப் பழைய சாமான் கடைக்குப் போனவர், தட்டில் கிடந்த ஒரு கோலியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தொலைத்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையும் பின்னலாக முறுக்கிக்கொண்டு ஓடின. ஒரு பக்கம் மச்சம் மாதிரி சொரசொரப்பு. இயந்திரம் வருவதற்கு முன்னால் கையால் செய்தது, கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்த இடம்தான் அந்த மச்சம் என்றார் கடைக்காரர். அவ்வளவுதான், மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

“இந்த வயசுல எல்லாரும் முட்டி வலிக்குத் தைலம் வாங்குவாங்க. எங்க வீட்டுக்காரர் கோலி வாங்கறார்” என்று அவர் மனைவி தங்கையிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும், பழைய மருந்து டப்பாவில் பஞ்சு வைத்துக் கோலிகளுக்கு மெத்தை செய்து கொடுத்தவளும் அவள்தான்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மாதம் வரும். இவருக்கும் வந்தது. அடிபட்ட தழும்பு இருந்தால் கோலிக்கு மதிப்புக் குறைவு என்று பழைய சாமான் கடைக்காரர் சொல்லியிருந்தார். தழும்பை எடுப்பதுதானே நமக்குப் பிழைப்பே என்று இவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாறாக, ‘பழைய கோலிகள் வாங்கப்படும்’ என்று எழுதிக் கடைக் கதவில் ஒட்டினார்.

அதைப் பார்த்துத்தான் பஸ் டிரைவர் வந்தார். கண்ணாடிக்குப் புதுக் காதுக்கம்பி மாட்டிக்கொண்டு போனவர், மறுநாள் ஊறுகாய் ஜாடி ஒன்றை அணைத்துப் பிடித்தபடி வந்து நின்றார். ஜாடி நிறையக் கோலி.

“வீட்ல சும்மாதான் சார் கெடக்கு. நீங்க பாத்து என்ன குடுத்தாலும் சரி.”

கண்ணாடிக்காரர் ஜாடிக்குள் கண்ணை விட்டவர் வெளியே எடுக்கவில்லை. பேரமே பேசாத ஆள் கிடைத்த சந்தோஷத்தில் யாருடைய கோலி என்று கேட்கத் தோன்றவில்லை. டிரைவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “பஸ்ல போனீங்கன்னா மடியிலயே வெச்சுக்குங்க சார். கீழ வெச்சா உருண்டு போயிடும்” என்றார். பிறகு போனார்.

ஜாடியில் முக்கால்வாசி சாதாரணக் கடைக் கோலி. ஆனால் ஒன்று இருந்தது. ஆழ்ந்த நீலம். நடுவில் மஞ்சள் நூல் ஒன்று முறுக்கிக்கொண்டு மேலே ஏறியது. கையால் செய்த மச்சமும் இருந்தது. மறுபக்கம் மட்டும் வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. அதுதான் அவர் கண்ணை உறுத்தியது. கடை மூடிய பிறகு தேய்க்கும் சக்கரத்தை ஓட்டினார். சில்லின் அடி வரைக்கும் கண்ணாடியைக் கரைத்து, சுற்றிலும் உருண்டை கெடாமல் சமன் செய்து, கடைசியில் பாலிஷ் பசை போட்டுத் துடைத்தபோது கோலி தண்ணீர்ச் சொட்டு மாதிரி மின்னியது. கோலி கொஞ்சம் சிறுத்துப் போயிருந்தது. கைவேலை என்றால் இது என்று அவருக்கு அவரே முதுகில் தட்டிக்கொண்டார்.

மறுநாள் பழைய சாமான் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் சுருங்கியது.

“தேச்சீங்களா?”

“சும்மா லேசா.”

“அட என்னங்க நீங்க. தழும்போட இருந்தா கொஞ்சம் மதிப்புக் கொறையும், அவ்வளவுதான். தேச்சா மொத்தமும் போச்சு. இதோட தோலையே உரிச்சுட்டு வந்திருக்கீங்களே.”

கண்ணாடிக்காரர் அசடு வழிய வீட்டுக்கு வந்தார். பணம் போனால் போகட்டும், பாடம் கற்றுக்கொண்டோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பாடம் இன்னும் முடியவில்லை.

அந்த வாரமே டிரைவர் மறுபடி வந்தார். சீருடையோடு, சவரம் செய்யாத முகத்தோடு, பின்னறை வாசலில் தயங்கி நின்றார்.

“சார், ஒரு உதவி. அந்தக் கோலி எங்க பொண்ணோடது. காய்ச்சல்ல போயிட்டா. தெருவுல ஒருத்தன் விடாம ஜெயிச்சுட்டு வருவா சார், பாவாடைப் பாக்கெட் கிழியக் கிழிய. அவ அம்மா அந்த ஜாடியைக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. கண்ணுல படாம இருந்தா தேறிடுவான்னு நெனச்சு, கேக்காம கொண்டாந்து குடுத்துட்டேன்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார்.

“சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல. ஒரு வார்த்தை கேக்கல சார். ஜாடி இருந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. சோறு எறங்கல. எல்லாம் வேணாம், ஒண்ணே ஒண்ணு போதும். நீலம், உள்ள மஞ்சளா ஓடும். படிக்கட்டுல அடிச்சு ஒரு சில்லு போயிருக்கும். அதுல கட்டைவிரலை வெச்சுக்கிட்டுத்தான் பொண்ணு தூங்குவா. பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். “பணமெல்லாம் வேணாம். தேடி எடுத்து நானே நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு வரேன்” என்றுதான் வந்தது. டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மறந்துவிட்டார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “போய் உள்ளதைச் சொல்லிடுங்க” என்றாள்.

“சொன்னா அந்தம்மா என்ன ஆவாங்க?”



மறுநாள் முழுக்க அவர் கடை வேலையைத் தொடவில்லை. அழித்த சில்லை மறுபடி உண்டாக்கப் பார்த்தார். சக்கரத்தில் வெட்டினால் பள்ளம் வழவழவென்று வரும், அடிபட்டுப் போன சில்லு அப்படி இருக்காது. எஃகு ஊசியை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். சாதாரணக் கோலி ஒன்றில் தட்டிப் பார்த்தார், அது இரண்டாகப் பிளந்தது. பிறகு நீலக் கோலியை எடுத்தார். தட்டினார். நகத்துண்டு அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. பளபளப்பைக் கொல்ல உப்புத்தாளால் மெல்லத் தடவினார். ஆயுளில் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு அவர் கீறல் போட்டார்.

டிரைவர் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. அலமாரியின் நடுத்தட்டில் ஜாடி இருந்த இடம் வட்டமாகத் தூசி இல்லாமல் தெரிந்தது. டிரைவரின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் கோலியை நீட்டினார். அவள் வாங்கி உள்ளங்கையில் உருட்டினாள், கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

“அதேதாங்க” என்றாள்.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சார் டீ குடிச்சுட்டுத்தான் போகணும்” என்று சமையலறைக்கு ஓடினார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கூடவே அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது.

“பாடறார்” என்றாள் அவள், தாழ்ந்த குரலில். “பொண்ணு போனப்பறம் இன்னிக்குத்தான்.”

கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

“இது அவ கோலி இல்லைண்ணே. அவ கோலி கைக்கு நெறைவா இருக்கும், இது சின்னது. நீங்களும் கஷ்டப்பட்டுத் தேடிக் கொண்டாந்திருக்கீங்க, குத்தம் சொல்லல. அவர் பாவம், எனக்கு நல்லது செய்யறதா நெனச்சுத்தான் பண்ணிட்டார். இதுதான்னு நான் சொல்லலைன்னா அவர் தாங்க மாட்டார். நீங்களும் சொல்லிடாதீங்க.”

இது அதேதான், நான்தான் தேய்த்துக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல அந்த நேரம் போதும். அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள், “நெசமானது நீங்க சேத்து வெச்சிருக்கற கோலிங்களோட எங்கயாவது கலந்து கெடக்கும். கெடைச்சா பத்திரமா எடுத்து வைங்கண்ணே. எங்கயோ பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சாலே நான் சாப்பிட்டுடுவேன்” என்றாள்.

டிரைவர் டீயோடு வந்தார். “சர்க்கரை சரியா இருக்கா சார்?” என்று கேட்டார்.

“சரியா இருக்கு” என்றார் கண்ணாடிக்காரர். வாயில் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் ஜாடியில் வந்த மற்ற கோலிகளையெல்லாம் ஜாடியோடு திருப்பிக் கொடுத்தார். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். பஞ்சு மெத்தை போட்ட டப்பா அலமாரிக்குள் போயிற்று.

டிரைவரின் மனைவி அவ்வப்போது கடைக்கு வருகிறாள். கண்ணாடித் திருகு தளர்ந்திருக்கிறது என்பாள், தளர்ந்திருக்காது. அவர் வாங்கி முறுக்குகிற மாதிரி முறுக்கிக் கொடுப்பார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது, சாப்பிடுகிறாள் என்று தெரிகிறது.

“கெடைச்சுதாண்ணே?”

“தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்மா.”

“மெதுவாத் தேடுங்க, அவசரமில்ல” என்றாள் போன தடவை. அவள் கட்டைவிரல், உள்ளங்கையில் இருந்த நீலக் கோலியின் பள்ளத்தில்தான் இருந்தது.