அம்மாவுக்காக வரைந்த தரை

அப்பா போன பிறகு அம்மாவைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள் மகள். மறதி முற்றியிருந்த அம்மாவுக்கு அந்த வீடு ஒட்டவே இல்லை. பொழுது சாய்ந்தால் போதும், துணிமூட்டையை இடுக்கிக்கொண்டு, "நேரமாச்சு, எங்க வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று நிற்பாள்.

விற்றுவிட்ட பழைய வீட்டின் கூடத்துத் தரையில் நீலப் பூக்கள் உண்டு. மகள் ஒரு புகைப்படத்தைப் பார்த்து, அந்தப் பூவைப் பிளாஸ்டிக் தாளில் வெட்டி அச்சாக்கினாள். அச்சைத் தன் வீட்டுக் கூடத்துத் தரையில் ஒட்டி, ஸ்பாஞ்சால் பெயிண்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அங்கே அப்பாவின் நாற்காலி தேய்த்திருந்த மாதிரியே, இங்கேயும் ஜன்னலோரப் பூக்களை உப்புத்தாளால் தேய்த்து மங்கவைத்தாள்.

"புதுப் பெயிண்டைப் போய்க் கிழடாக்கறியே, வீட்டுல நான் ஒருத்தன் போதாதா?" என்று கணவன் சிரித்தான்.

அம்மா வந்து பார்த்தாள். குனிந்து ஒரு பூவைத் தடவினாள். முகம் மலர்ந்துவிட்டது. மூட்டையைத் தானே அவிழ்த்து, புடவைகளை அலமாரியில் அடுக்கினாள். பட்ட பாடு வீண்போகவில்லை என்று மகளுக்கு நெஞ்சு நிறைந்தது.

சாயங்காலம் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பாவை இன்னும் காணோமே. இவ்வளவு நேரம் பண்ண மாட்டாரே."

மகள் வீடு என்று நினைத்திருந்த வரைக்கும் அம்மா அப்பாவைத் தேடியதே இல்லை. தன் வீட்டில் தேடாமல் இருப்பாளா? உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள் மகள்.

"வந்துருவார்மா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் அருகில் அவளும் உட்கார்ந்தாள்.