குடலிறக்கத்துக்குப் போட்ட பணம்

அந்த வாரம் உறைக்காரிக்கு யாரைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் மீதிப் பணத்தைக் கட்டாவிட்டால் அந்தத் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும், அடுத்தது கிடைக்கப் பதினான்கு மாதம் ஆகும். ஆறு வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தும் ஐந்தில் ஒரு பங்கு உதைத்தது.

கேட்கவேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டாயிற்று. அண்ணன் பணம் தரவில்லை, அறிவுரை தந்தான், அதுவும் ஒன்றரை மணி நேரம். மாமியார் கையில் நான்கு தங்க வளையல் இருந்தது.

"என் புள்ளைக்குன்னா இப்பவே கழட்டித் தருவேன்" என்றாள் போனில்.

"உங்க புள்ளைக்குத்தானே கேக்குறேன் அத்தை."

"அது புள்ளையா இருக்க மாட்டேன்னுதானே ஆபரேஷன் கேக்குது!"

உறைக்காரி போனை வைத்துவிட்டு, பாவம் அந்த அடுப்படிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

இத்தனையும் மகராசிக்காக. ஊர் உலகத்தைப் பொறுத்தவரை உறைக்காரியின் கணவனாகக் கல்யாண போட்டோவில் நிற்பவள் அவள். கல்யாணமாகி மூன்றாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தான் பெண் என்று சொன்னாள். "மகராசி, இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தியதுதான் உறைக்காரியின் முதல் பதில். ஒரு மாதம் பேசவில்லை. அழுது பார்த்தாள், பெட்டி கட்டிப் பார்த்தாள். ஆளை விட்டுப் போக மனசு வரவில்லை என்று உறுதியானதும் அலமாரியில் தன் துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் விட்டாள். கோபத்தில் வந்த மகராசி என்கிற பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மகராசி தையல் மிஷின் பழுது பார்ப்பவள். வெளியே போகிற நாளில், எந்தக் கழிப்பறைக்குப் போவது என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். குளிக்கும்போது கண்ணாடியைத் துண்டால் மூடிவிடுவாள். கேட்டால் "பரவாயில்ல" என்பாள். தேதி கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறதே என்றதற்கும் அதே பதில்தான். "பரவாயில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அந்தப் பரவாயில்லையைக் கேட்கும்போதெல்லாம் உறைக்காரிக்குத் தட்டை எடுத்து விட்டெறியலாமா என்றிருக்கும்.

கடைசியில் அவளுடைய உறையே மிச்சமிருந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. அங்கே யார் வீட்டில் சாவு, பிரசவம், ஆபரேஷன் என்றாலும் ஒரு தலையணை உறை சுற்றி வரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு, மூடிய கையையே வெளியே எடுக்க வேண்டும். பணம் இல்லாதவனும் கையை விட்டே ஆகவேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதைச் சுற்றிக் கொண்டுபோகிறவள் அவள் என்பதால்தான் உறைக்காரி என்று பெயர்.

இரண்டு சட்டங்கள் அவளே போட்டவை. தன் வீட்டுக்காகத் தானே உறை பிடிக்கக் கூடாது. யாருக்கு, எதற்கு என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது சட்டம், அம்மா செத்துவிட்டாள் என்று ஒருவன் வசூல் செய்த மறுநாள் அந்த அம்மாவே சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்ற பிறகு வந்தது.

உறையைப் பிடிக்க முன்வந்தவள் நீராவி. இஸ்திரி மிஷினில் நிற்பவள். வாயை மூடத் தெரியாதவள்.

"அக்கா, எதுக்குன்னு சொல்லட்டும்?"

"எங்க வீட்டுல ஆபரேஷன்னு சொல்லு."

"என்ன ஆபரேஷன்? உன் சட்டம்தானே, எதுக்குன்னு சொல்லணும்னு?"

'எங்க வீட்டுல' என்ற இரண்டே சொல்லை வைத்து உறைக்காரி இந்தக் கூடத்தில் பதினோரு வருடம் ஓட்டியிருந்தாள். வீட்டில் இருப்பது கணவனா மனைவியா என்று யாருக்கும் சொல்லவேண்டி வந்ததில்லை. இப்போது நீராவி முகத்துக்கு நேராக நின்று பதிலுக்குக் காத்திருந்தாள்.

"குடலிறக்கம்" என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை.

வேறு எந்த நோயைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பாள். ஈரத் துணி மூட்டையைத் தூக்கித் தூக்கி, அந்தக் கூடத்தில் பாதி ஆண்களுக்குக் குடலிறக்கம் வந்து போயிருந்தது. அதற்கு என்ன செலவாகும், எந்த டாக்டர், எத்தனை நாள் படுக்கை என்று எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அரை மணி நேரம் கழித்து உறை வந்தது. உள்ளே ஒரு குடலிறக்கத்துக்கு ஆகும் பணம் அச்சு பிசகாமல் இருந்தது. அவளுக்குத் தேவைப்பட்டதில் அது கால்வாசி கூட இல்லை. கூடவே, ஏற்கெனவே கட்டிப் பழசான மூன்று இடுப்பு பெல்ட்டுகள்.

உலர்த்தும் மிஷின்காரர், டிரையர் அண்ணன் என்று கூப்பிடுவார்கள், தேடிக்கொண்டே வந்துவிட்டார்.

"ஏம்மா, எனக்குப் பண்ண டாக்டர்கிட்ட பேசிட்டேன். காசே வேணாம், இலவச ஆஸ்பத்திரி. நாளைக்கே உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. நானும் வரேன்."

"ஐயோ அண்ணா, அதெல்லாம் வேணாம்!"

"என்ன வேணாம்? முத்த விட்டா ஆளையே தூக்கிடும்!"

அவள் பெல்ட்டுகளைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மகராசி விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். ஒரு பெல்ட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கூடப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எதுக்குக் குடலிறக்கம்னு சொன்ன?"

"வாயில வந்துச்சு, சொன்னேன். இப்ப அதுவா முக்கியம்? பணம் பத்தல!"

"என்னைப் பத்திச் சொல்ல உனக்கு வெக்கமா இருக்கா?"

"உனக்காக ஆறு வருஷமா நாயா அலையறேன், என்னைப் பாத்து இந்தக் கேள்வியா?"

"அலையற. இல்லைங்கல. ஆனா எனக்கு என்ன ஆபரேஷன்னு ஒருத்தர்கிட்ட கூட உன்னால சொல்ல முடியல."

உறைக்காரி அந்தப் பரவாயில்லைக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருடம் கரித்துக்கொட்டிய வார்த்தை, அன்றைக்கு வந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அது வரவில்லை. மகராசி பெல்ட்டைத் துணி மாதிரி ஒழுங்காக மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். உறைக்காரிக்கு அவமானமாக இருந்தது. மகராசி சொன்னது உண்மை என்பதால் எரிச்சலும் கூடவே வந்தது.

மறுநாள் வேலை தொடங்கும் முன் உறையைத் தானே கையில் எடுத்தாள். தன் வீட்டுக்குத் தானே பிடிக்கக் கூடாது என்று நீராவி வாயெடுத்தாள். உறைக்காரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து குடலிறக்கம்னு சொன்னது பொய். எங்க வீட்டுல இருக்கறது வீட்டுக்காரர் இல்ல. என் பொண்டாட்டி. பொறந்தப்ப ஆம்பளைன்னு எழுதிட்டாங்க, அவ பொண்ணு. உடம்பு அவளுக்கு ஒத்து வர்ற மாதிரி ஆபரேஷன் பண்ணணும். செலவு குடலிறக்கத்தை விட ரொம்ப அதிகம். பொய்க்குப் போட்ட பணம் இதுல அப்படியே இருக்கு. அவங்கவங்க போட்டதை எடுத்துக்கங்க."

ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தையும் அவளே மீறிவிட்டாள். துவைக்கும் மிஷின்காரன் ஒருத்தன் கையை விட்டான், எல்லோரும் பார்க்கத் தன் நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. உறையை இறக்காமல் அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

அடுத்து நின்றவர் டிரையர் அண்ணன்.

"நேத்து நான் அந்த டாக்டர்கிட்ட அரை மணி நேரம் கெஞ்சினேன், தெரியுமா?"

"தெரியும் அண்ணா. தப்புதான்."

"பொய் சொன்னதுதான் எனக்கு எரியுது. மத்தது உன் குடும்ப விஷயம்." கையை உள்ளே விட்டுத் துழாவினார். மூடியபடியே வெளியே எடுத்தார். "பெல்ட்டை மட்டும் திருப்பிக் குடு. அது இல்லாம நேத்து ராத்திரி இருமக்கூட முடியல."

யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு கைகள் வந்தன, போயின. எடுக்கிறார்களா, போடுகிறார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படித் தெரியாமல் இருக்கத்தானே அந்த வழக்கத்தையே வைத்திருந்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வழக்கம் அவளைப் படுத்தி எடுத்தது. நீராவி மட்டும் கையை விட்டபோது காதருகே வந்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் அக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சாமான் இறக்கும் இடத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை எண்ணினாள். நேற்றைக்கு இருந்ததைப் போல மூன்றரை மடங்கு இருந்தது. மறுநாள் வரும் வாரச் சம்பளத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும், சாப்பாட்டை ஒரு வாரம் எப்படியாவது ஓட்டிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணினார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"பொண்டாட்டி."

"அப்ப நோயாளி யாரு, உங்க கணவரா?"

"இல்ல. அவளும் என் பொண்டாட்டி. இதோ நிக்கறா. எழுதுங்க சார், சாயங்காலம் வரைக்கும் நிக்க முடியாது."

அவர் எழுதினார். ரசீது வந்தது, தேதியும் உறுதியானது. வெளியே படிக்கட்டில் மகராசி அந்தச் சீட்டை நான்கு தடவை படித்தாள். பிறகு திடீரென்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு."

"இப்பவா சொல்ற?" என்று கத்தினாள் உறைக்காரி. "பணத்தைக் கட்டிட்டு வெளிய வந்து பத்து நிமிஷம் ஆகல!"

"இதுவரைக்கும் பணத்துக்குத்தானே பயந்தோம். இதுக்குப் பயப்பட நேரமே இல்ல."

அதற்கும் ஒரு அதட்டல் போட உறைக்காரி வாயைத் திறந்தாள். காலியான உறையைத் தன் கைகள் முறுக்கிக்கொண்டே இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மகராசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நகர்ந்து உக்காரு" என்றாள். "எனக்கும்தான் பயமா இருக்கு."