பறவையின் பின்பக்கம்

அம்மாவுக்கு உடுத்தப் புடவை தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள் தபால்காரி. அது அம்மா வைத்த பெயர். சின்ன வயதில் தபால் வரும் நேரத்துக்கு வாசலிலேயே பழியாகக் கிடப்பாள் என்பதற்காக. ஐம்பது தாண்டியும் பெயர் போகவில்லை. இனி அப்படிக் கூப்பிடத்தான் ஆளில்லை.

புடவைகளுக்கு அடியில் அப்பாவின் கடிதங்கள் இருந்தன. பிழைக்கக் கடல் தாண்டிப் போனவர் அனுப்பிய நீல விமானத் தாள்கள்; எழுதி மடித்து ஒட்டினால் தாளே உறையாகிவிடும். கூடவே அவளுடைய பழைய அஞ்சல்தலை ஆல்பம்.

பக்கத்து அறையில் அம்மா துணி போர்த்திக் கிடந்தாள். காலையில் போன உயிர்.

தபால்காரி கடைசிக் கடிதத்தைப் பிரித்தாள். "இனி நான் வரமாட்டேன் என்றே வைத்துக்கொள். காரணம்" என்றிருந்தது. அதற்கப்புறம் ஓட்டை. தாளிலேயே அச்சடித்திருந்த அஞ்சல்தலையை எட்டு வயதில் அவளேதான் சதுரமாக வெட்டி எடுத்திருந்தாள். காரணம் அதன் பின்பக்கத்தோடு போய்விட்டது. ஓட்டைக்குக் கீழே, "இதைப் பிள்ளைகளிடம் நீயே சொல்லிவிடு. பிறகு வெறுத்தால் வெறுக்கட்டும்."

அம்மா சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "பெரியவளானதும் சொல்றேன்டி" என்பாள். தபால்காரிக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, மூட்டுவலியும் வந்துவிட்டது. அம்மா கணக்கில் அவள் இன்னும் பெரியவளாகவில்லை. வெறுப்பதற்கும் ஒரு காரணம் வேண்டாமா? காரணமே தெரியாமல் ஆயுசு முழுக்க அப்பாவை வெறுத்தாயிற்று.

அண்ணன் வந்து நின்றான். "இன்னும் என்ன தேடுற? வண்டி வர்ற நேரமாச்சு."

"அப்பா ஏன் வரலன்னு இதுல எழுதியிருக்காருண்ணா. அந்தத் துண்டு என் ஆல்பத்துல இருக்கு."

"போனவங்களை விடு. தெரிஞ்சு என்ன கிழிக்கப் போற?"

"நம்மள வேணாம்னு விட்டாரா, வர முடியாமப் போச்சா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அண்ணன் அங்கேயே நின்றான்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. சிவப்புக் கொண்டைப் பறவை. பசையை அள்ளி அப்பியிருந்தாள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. கிழிந்துவிடுமோ என்று நிறுத்தினாள். கிழியாமல் எடுக்கும் வழி அவளுக்குத் தெரியும். வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். கிண்ணத்தில் வெந்நீரை விளாவி அதில் முக்கினாள்.

"பொறு, ஊறட்டும்" என்றாள். அண்ணன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பறவை மெல்லக் கழன்று வந்தது. அப்பா மைப்பேனாவில் எழுதுகிறவர். அது அவளுக்கு நினைவு வந்தபோது தண்ணீர் நீலமாகியிருந்தது.

துண்டை எடுத்துத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்; ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து அம்மாவுக்காகக்கூட அப்படி அழுகை வரவில்லை.

"என்ன போட்டிருக்காரு?" என்றான் அண்ணன். அப்பாவைப் பற்றி அவன் வாயைத் திறந்து கேட்டது அன்றுதான்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணி அவசரமாக உள்ளே வந்தாள். "புடவை எடுக்கப் போனவ இங்க என்ன பண்ற?" என்றபடி கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, கழுவிக் கவிழ்த்தாள்.

தபால்காரியின் உள்ளங்கையில் பறவை ஈரமாகக் கிடந்தது. கொண்டையின் சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை.