இரண்டு நிமிடம் ஓடிய தண்ணீர்

அந்தப் பயிற்சியில் இருந்தது ஐந்து பேரா ஆறு பேரா என்று இப்போது குழம்புகிறது. தெருவில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்த நாள் மழை பெய்தது என்றுதான் நினைவு, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. சொல்லப்பட்ட வார்த்தைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சூழலால் வரும் நோய்களை ஆராயப் போகும் இளம் ஆய்வாளர்கள், தங்கள் துறையோடு அடுத்தவர் வேலையையும் ஒரு வருடம் பழக வேண்டும். அதுதான் பயிற்சி. நுண்ணுயிரியல் படித்தவளுக்குக் கிருமி என்று பெயர் வைத்தார்கள். வேதியியல்காரன் குடுவை. புள்ளிவிவரம் பார்த்தவள் சராசரி.

பழைய குழாய்கள் ஓடும் ஒரு தெருவில் இருபது வீடுகள். தண்ணீரில் நுண்ணுயிர் இருக்கிறதா என்று கிருமியும், சிறு குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயம் இருக்கிறதா என்று குடுவையும் பார்க்க வேண்டும். அன்று குடுவைக்குக் காய்ச்சல்.

"உன் பாட்டிலையும் நானே நிரப்பிட்டு வர்றேன். படுத்துக் கிட."

"எப்படி எடுக்கணும்னு தாள்ல எழுதியிருக்கேன். ஒரு தடவை படிச்சிடு."

"ஆறு வருஷமா தண்ணி பிடிக்கிறவளுக்குக் குழாயத் திறக்கப் பாடம் நடத்தறியா?"

அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசி வீடு அவளுடைய அக்காவின் வீடு. இடுப்பில் ஏழு மாதக் குழந்தையோடு அக்கா கதவைத் திறந்தாள்.

"வாங்க விஞ்ஞானி. எங்க வீட்லயும் பால் பாட்டில் நாலு கிடக்கு, வந்த கையோட கழுவிக் குடுங்க."

கிருமி சிரித்துக்கொண்டே குழாயின் வாயைத் துடைத்து, நெருப்பு காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, இரண்டு பாட்டில்களையும் நிரப்பினாள். நுண்ணுயிருக்கு அப்படித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஈயம் இல்லை என்றே சொல்லலாம்.

"அப்போ பாப்பாவுக்கு இதுலயே பால் பவுடர் கலக்கலாமா? கேன் தண்ணிய நிறுத்திடவா?"

"தாராளமா நிறுத்துக்கா. நான் சொல்றேன்ல."

நான்கு மாதம் கழித்து, ஆய்வை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லும் ஒத்திகை. கிருமி தான் மாதிரி எடுத்த விதத்தைச் சொன்னாள்.

"ரெண்டு நிமிஷம் ஓடவிட்டியா?" என்றான் குடுவை.

"ஆமா."

"என் பாட்டிலுக்குமா?"

அன்று மடித்துப் போட்ட தாளைப் பையிலிருந்து எடுத்து அப்போதுதான் படித்தாள். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் ஈயம் ஊறியிருக்கும். காலையில் திறந்ததும் விழும் அந்த முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். அவளோ அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பிடித்திருந்தாள்.

"ஈய அளவு இருபது வீட்டுக்கும் ஒரே மாதிரியா இருந்துச்சு. நானாவது சந்தேகப்பட்டிருக்கணும்," என்றாள் சராசரி.

மறுநாள் விடியலில் கிருமி அக்கா வீட்டின் முதல் தண்ணீரைப் பிடித்தாள். அனுமதிக்கப்பட்ட வரம்பைப் போல ஐந்து மடங்கு ஈயம் இருந்தது. குழந்தையின் நாளின் முதல் பால் தினமும் அந்தத் தண்ணீரில்தான் கலக்கப்பட்டிருந்தது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அடுப்பருகே நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நீ சொன்னேன்னுதானே நிறுத்தினேன்."

"என்னைத் திட்டுக்கா."

"திட்டினா இவ ரத்தத்துல இருந்து இறங்கிடுமா?"

அந்தத் தெருவின் குழாய்களை அடுத்த ஆண்டு மாற்றினார்கள். மற்ற வீடுகளில் இன்னும் இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. குடுவை வெளிநாடு போய்விட்டான். சராசரி ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். கிருமி பயிற்சியை முடித்து, நகரத்துத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். அக்கா வேறு வீட்டுக்குக் குடிபோனாள். தங்கையோடு பேசுகிறாள், குறைவாக. குழந்தைக்கு நான்கு வயதில்தான் பேச்சு வந்தது. இப்போது எட்டு வயது. இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறாள்.